போசணைக் கரைசல் குளிராவிடில்

மண்ணின்றிச் சலாது பயிரிடும் கமக்காரர் கரைசலைக் குளிர்விக்க, மீன்தொட்டிக்கென விற்கப்படும் நீர்க் குளிரூட்டியையே பெரும்பாலும் வாங்கிப் பொருத்துவர். கருவி இரவுபகலாக ஓடியும் கரைசல் சூடாகவே இருக்குமாயின், சில தினங்களில் வேர் பழுப்பேறி அழுகக்கூடும். தெளிந்த நீர் 20 பாகை செல்சியசில் இலீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். அவ்வேளையில் வேருக்கோ கூடுதலான ஒட்சிசன் தேவை. பித்தியம் என்னும் வேரழுகல் நோய்க்கிருமிக்கும் அதுவே வாய்ப்பு. சலாதுக்குக் கரைசல் 18 முதல் 22 பாகை வரை இருத்தல் நன்று.

வாயு குறைந்துவிட்டதென உடனே எண்ணிப் பணத்தைச் செலவிடாதீர்கள். வாயு மூடிய குழாயினுள் சுற்றுவது. ஒழுக்கில்லாவிடில் அது குறையாது.

முதலில் வெப்பமானியொன்றைத் தொட்டியில் இட்டுப் பாருங்கள். கருவி 22 எனக் காட்ட, தொட்டி 27 எனக் காட்டுமாயின், குற்றம் பெரும்பாலும் நீரோட்டத்திலேயே உளது. கருவி தன்னுள் நிற்கும் சிறிதளவு நீரையே அளக்கின்றது. அது குளிர்ந்ததும் நின்றுவிடுகின்றது. பம்பியின் வடியையும் குழாய்களையும் கழுவுங்கள். உறிஞ்சும் குழாயும் திரும்பும் குழாயும் அருகருகே இருப்பின் குளிர்ந்த நீரே மீண்டும் மீண்டும் சுற்றும். அவற்றைத் தொட்டியின் இரு முனைகளிலும் வையுங்கள்.

அடுத்து, செருகியைக் கழற்றிவிட்டு, கருவியின் தகட்டுவரிசையிற் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். கருவியைச் சுவரோடு ஒட்டியோ அடைத்த அறையிலோ வைத்தல் கூடாது. அது வெளிவிடும் சூட்டையே திரும்ப உள்வாங்கும்.

கருவி சிறிதாயிருப்பதும் உண்டு. 200 இலீற்றர் கரைசலை 30 பாகையிலிருந்து 22 பாகைக்கு இறக்க, 250 உவாற்று வெப்பத்தை அகற்றும் கருவிக்கு ஏறக்குறைய ஏழரை மணித்தியாலம் செல்லும். (பெட்டியில் எழுதியிருப்பது வெப்பம் அகற்றும் வலுவா, மின் செலவா என்பதை வாங்குமுன் கேட்டறிக.) தொட்டி வெயிலில் நின்றால் இக்கணக்கும் பொய்த்துவிடும். பெரிய கருவி வாங்குமுன் தொட்டிக்கு நிழலமைத்து, சுற்றிலும் ரெஜிபோம் தகடு பொருத்துங்கள். கரிய குழாய்களுக்கு வெள்ளை உறையிடுங்கள்.

இவற்றின் பின்னரும், கருவி ஓடியும் அதன் காற்றுச் சூடாக வெளிவராவிடில் வாயு ஒழுக்கு இருக்கலாம். அப்போது குளிர்சாதனம் திருத்துபவரை அழையுங்கள். அவர் வரும்வரை, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களை மூடியைக் கழற்றாது தொட்டியில் மிதக்கவிடுங்கள். பனிக்கட்டியை நேரே இட்டாற் கரைசலின் செறிவு குறைந்துவிடும்.