பழைய கேமராவைத் திறப்பதற்கு முன்

நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில் ஒரு பழைய கேமரா இருக்கும். தோல் உறை வெடித்து, வார் அறுந்து, இனி எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனாலும் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. செமோரில் உள்ள எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்த என் தாத்தா வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35. தாத்தா காலமான பிறகு, படிவம் ஐந்து முடித்து வீட்டில் சும்மா இருந்த நான், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் அதன் பின்கதவைத் திறந்தேன். உள்ளே பிலிம் இருந்தது. உடனே மூடிவிட்டேன். ஆனால் இரண்டு வினாடி வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

நான் அழித்தது என்ன என்பதைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். அந்தத் தவறுதான் என்னை ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராக்களைச் சேகரிக்கும் பொழுதுபோக்கிற்குள் இழுத்து வந்தது. இன்று என்னிடம் ஐந்து கேமராக்களும் மூன்று லென்சுகளும் உள்ளன. விலை உயர்ந்தவை அல்ல. பெரும்பாலானவை ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டில் பேரம் பேசி வாங்கியவை. நான் கற்றுக்கொண்டதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன?

கையை நீட்டிக் கட்டை விரலைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும். விரலை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் தாவல் கூடும். தள்ளிக் கொண்டுபோனால் குறையும். ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை இந்தத் தாவலைக் கொண்டே கணக்கிடலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா செய்வதும் இதைத்தான். அதன் முன்பக்கத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் இருக்கும். இரண்டின் காட்சியும் நாம் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்சின் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு கைநெம்புகோல் நகர்ந்து இரண்டாவது காட்சியையும் நகர்த்தும். இரண்டு முகம் ஒரு முகமாகச் சேரும் இடத்தில் படம் தெளிவாக விழும். இரண்டு சாளரங்களுக்கும் இடைவெளி கூடக்கூடத் துல்லியமும் கூடும்.

பின்னர் வந்த எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் போல இதற்குள் மேலெழும் கண்ணாடி கிடையாது. அதனால் சத்தம் குறைவு, உருவமும் சிறியது. ஆனால் ஒரு தொல்லை உண்டு. நாம் லென்சின் வழியாகப் பார்ப்பதில்லை. லென்சுக்கு மூடி போட்டிருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும். ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் நான் மூடியைக் கழற்றாமலேயே 36 படங்களும் எடுத்து முடித்தேன். கழுவி வந்த பிலிமில் ஒரு காவடிகூட இல்லை.

ஜெர்மனியிலிருந்து தோட்டத்து வீடு வரை

35 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு கையடக்கக் கேமரா செய்ய முடியும் என்று காட்டியவர் ஜெர்மானியரான ஒஸ்கர் பார்னாக். அவர் உருவாக்கிய லைக்கா 1925-ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. லென்சோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-இல் லைக்கா இரண்டாம் மாதிரியில் வந்தது. அதே ஆண்டில் சைஸ் நிறுவனம் கொண்டக்ஸ் என்னும் போட்டிக் கருவியை வெளியிட்டது. 1954-இல் வந்த லைக்கா எம்3, காட்சி பார்க்கும் சாளரத்தையும் தொலைவு பார்க்கும் சாளரத்தையும் ஒன்றாக்கியது.

தமிழ் மண்ணும் இந்தக் கருவியின் கதையில் இடம்பெற்றிருக்கிறது. லைக்காவைத் தம் கண்ணின் நீட்சியாகவே கருதிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன், 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அங்கும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் அவர் படம் பிடித்தார். நோயுற்ற ஒரு முதியவரின் இறுதி நாள்களில், ஆசிரமத்தின் அமைதியைக் குலைக்காமல் படம் எடுக்க ஓசை குறைந்த சிறு கருவி எவ்வளவு உதவியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானியரும் விரைவில் களத்தில் இறங்கினர். கேனன் நிறுவனத்தின் முதல் மாதிரிக் கருவிக்கு 1934-இல் இட்ட பெயர் 'குவானோன்'. நம் ஊர்ச் சீனக் கோயில்களில் காணும் குவான் இன் அம்மனின் ஜப்பானியப் பெயர் அது. பின்னர் விற்பனைக்கு வந்த தொடக்கக் காலக் கேனன் கருவிகளுக்கு லென்ஸ் செய்து கொடுத்தது, இன்று அதன் பெரும் போட்டியாளராக விளங்கும் நிக்கோன் என்பது குறிப்பிடத்தக்கது.

1959-இல் நிக்கோன் எஃப் வந்தபின் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் எஸ்.எல்.ஆர். பக்கம் சாய்ந்தனர். ரேஞ்ச்ஃபைண்டரோ குடும்பக் கேமராவாக மாறியது. 1961-இல் கேனனெட்டும் 1966-இல் யாஷிகா எலக்ட்ரோ 35-உம் வந்தன. இவற்றில் லென்சைக் கழற்ற முடியாது. ஆனால் யாஷிகா வெளிச்சத்தைத் தானே அளந்து ஷட்டர் வேகத்தைத் தீர்மானித்துக்கொள்ளும். ஆகவே படக்கலை பயிலாத ஒரு தோட்டத்துக் கிராணியும் கல்யாணத்தையும் தீமிதியையும் நன்றாகவே எடுக்க முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, லென்ஸ். துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ, வேர் போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. வெண்புகை போலத் தெரிந்தால் உள்ளே படிந்த ஆவி.

இரண்டாவது, ஷட்டர். லைக்கா வகையில் ஷட்டர் துணியால் ஆனது. மறைக்கக் கண்ணாடி இல்லாததால், மூடி போடாத லென்ஸ் சூரியனை நோக்கி இருந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் துணியில் துளை விழும். லென்சைக் கழற்றி, துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, யாஷிகாவுக்கே உரிய நோய். உள்ளே இருக்கும் சிறு ரப்பர்த் துண்டு காலப்போக்கில் நைந்துவிடும். பிலிம் நகர்த்தும் கைப்பிடியைத் தள்ளும்போது 'டக்' என்று ஓர் ஒலி கேட்டால் நலம். கேட்காவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். ரப்பரில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு வேடிக்கைதான்! இதற்குரிய 5.6 வோல்ட் பாதரசப் பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரியைச் சிறு சுருள்கம்பியோடு பொருத்திச் சமாளிக்கிறோம்.

நான்காவது, போலி. சோவியத் நாட்டில் லைக்காவைப் பார்த்துச் செய்த ஃபெட், சோர்க்கி கேமராக்களில் லைக்கா பெயரைப் பொறித்து விற்பார்கள். லென்சைக் கழற்றினால் உள்ளே தெரியும் நெம்புகோலின் நுனியைப் பாருங்கள். அசலில் சிறு உருளை இருக்கும். சோவியத் கருவியில் பெரும்பாலும் தட்டையான ஆப்பு போல இருக்கும். ஆனால் ஃபெட் என்பதை ஃபெட் என்றே சொல்லி, அதற்குரிய விலைக்குத் தந்தால் தாராளமாக வாங்கலாம். என்னிடம் ஒன்று இருக்கிறது.

நம் நாட்டு எதிரி

குளிர் நாட்டில் எழுதப்பட்ட நூல்கள் அதிகம் பேசாத ஓர் எதிரி நமக்கு உண்டு. அது ஈரப்பதம். மலேசியக் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். 60-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அது வெளியிடும் அமிலம் லென்சின் மேற்பூச்சை அரிக்கும். அரித்தபின் துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையில் பத்திரப்படுத்துவது மிகப் பெரிய தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சும். பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். உலர்பெட்டி வாங்க வசதியில்லாத மாணவர்கள், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது நல்லது.

இங்கேதான் என் மனத்தை உறுத்திய கேள்வி எழுந்தது. கேமராவுக்கு இத்தனை கவனம் செலுத்துகிறோம். அது எடுத்த படங்கள் எங்கே? எங்கள் வீட்டு ஆல்பத்தில் பாதிப் படங்கள் தாளோடு ஒட்டிக்கொண்டன. நெகட்டிவ்கள் ஒரு மைலோ டின்னில் கட்டியாகக் கிடந்தன. லென்சைத் தின்ற அதே பூஞ்சை அவற்றையும் தின்றிருந்தது. கேமரா போனால் சந்தையில் இன்னொன்று கிடைக்கும். அந்த நெகட்டிவ்களுக்கு இரண்டாவது பிரதி உலகில் எங்குமே இல்லை. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தேடி மின்னாக்கம் செய்துள்ளது. நம் தோட்டத்துப் படங்களுக்கு யார் செய்வார்கள்?

அந்தப் பிலிம்

நான் கதவைத் திறந்த பிலிமைக் கோலாலம்பூரில் ஒரு கடையில் கொடுத்தேன். பழைய வண்ணப் பிலிம் என்பதால் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினார்கள். எடுத்த படங்கள் உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்படும். முதலில் எடுத்தவை உள்ளே, கடைசியில் எடுத்தவை வெளியே. ஆகவே முதல் மூன்று படங்கள் மங்கலாகத் தப்பின. தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வாசல், மூன்றாவதில் லயத்து வாசற்படியில் நிற்கும் பாட்டி. மற்றவை முழுவதும் வெளிச்சம் பட்டுக் கருகிவிட்டன.

படத்தைப் பார்த்ததும் பாட்டி சொன்னார்: "தோட்டத்த விட்டு வர்றதுக்கு முன்னாடி புடிச்சது. கடைசி நாளு லயத்து சனங்க எல்லாரையும் கோயில் முன்னால நிக்க வச்சுப் புடிச்சாரு. அதுக்கப்புறம் உங்க தாத்தா இந்தப் பொட்டியத் தொடவே இல்லய்யா."

அந்த லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி இருக்கிறது. கதவைத் திறந்தவன் நான்தான் என்று பாட்டியிடம் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. "போவட்டும், இந்த மூணாவது வந்துச்சே" என்றார்.

எனவே நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய கேமரா இருந்தால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். மேலே இடப்பக்கம் உள்ள பிலிம் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். தடையின்றிச் சுற்றினால் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை. இறுக்கமாக இருந்தால் பிலிம் இருக்கிறது. அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி முழுவதையும் உள்ளே சுற்றிவிட்டு, அதன் பிறகே திறங்கள். சுற்ற முடியாமல் சிக்கினால், பிலிம் கழுவும் கடையில் அப்படியே கொடுத்து, இருட்டறையில் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். ஆல்பங்களைக் கைப்பேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். கேமராவை அதற்குப் பிறகு சேகரிக்கலாம்.