ஓட்டமும் நிறுத்தமும்

தேர்த் திருவிழாவிற் கூடும் மக்களின் கண்கள் வடம் பிடித்து இழுப்போரையே நாடும். தேர் திரும்பும் இடத்திற் சில்லின் அடியில் மரக்கட்டையைச் செருகி அதனைத் தடுத்து நிறுத்துவோரை நோக்குபவர் மிகச் சிலரே. அக்கட்டை ஒரு கணம் பிந்தினால் நேரக்கூடிய துன்பத்தை அத்தொழிலில் ஈடுபட்டோர் நன்கறிவர். மோட்டார் வண்டியின் நிலையும் இதுவே. அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கணக்கிடுவோரும் பலர்; அதனை நிறுத்தும் கருவி எந்நிலையில் இருக்கின்றது என்று குனிந்து பார்ப்போர் சிலரே.

அக்கருவியே பிறேக். அதன் தேய்ந்த உறுப்புக்களை, கருவிகளைக் கையாண்ட பழக்கமும் பொறுமையும் உடைய ஒருவர் தம் வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். எனினும் இவ்வேலையில் நேரும் தவறு ஏனைய பழுதுகளைப் போன்றதன்று. வானொலி பாடாவிட்டால் பயணம் சுவையற்றுப்போகும். பிறேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும். அவ்வுயிர் வண்டியோட்டுபவரின் உயிராகவே இருக்கவேண்டும் என்ற நியதியுமில்லை. பாடசாலை விட்டு வீதியைக் கடக்கும் பிள்ளையின் உயிராகவும் அஃது இருக்கலாம். ஆதலின் செய்முறையைக் கற்குமுன் அதன் காரணங்களை அறிதல் இன்றியமையாதது.

ஓடும் வண்டி ஒரு சக்தியைத் தாங்கி நிற்கின்றது. வண்டியை நிறுத்துதல் என்பது அச்சக்தியை வெப்பமாக மாற்றிக் காற்றிலே கலக்கவிடுவதாகும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அதனை ஒருமுறை நிறுத்தினால், 30 பாகையிலுள்ள ஏறத்தாழ அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் பிறக்கும். அதே கார் மலைநாட்டிலிருந்து 1,000 மீற்றர் உயரம் இறங்கி வருமாயின், பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 33 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க வல்லது. இஃது அக்காரை எழுபது முறை நிறுத்துவதற்கு ஒப்பாகும். நுவரெலியாவிலிருந்து கம்பளை நோக்கி இறங்கும் வண்டியில் எரிந்த வாசனை எழுவதன் காரணம் இதனால் விளங்கும். தாழ்ந்த கியரில் இறங்குபவர் இச்சுமையின் ஒரு பங்கை இயந்திரத்தின் மீது சுமத்துகின்றார். பெடலை மட்டுமே நம்பி இறங்குபவர் முழுவதையும் பிறேக்கின் மீது சுமத்துகின்றார்.

முற்காலத்துக் கார்களில் வெப்பம் வெளியேற வழி குறைவாயிருந்தது. உருளை வடிவான பேழை ஒன்றின் உட்புறத்தில் லைனர்கள் உரசுவதே அந்நாளைய ஏற்பாடு. பேழை சூடேறினால் சூடு உள்ளேயே அடைபட்டுப் பிடிப்புத் தளரும். சில்லோடு சுழலும் வெளித்தட்டு ஒன்றை இருபுறமும் இறுக்கிப் பிடித்தால் காற்றுப்பட்டு அது விரைவில் ஆறும் என்னும் கருத்துடன், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்ற பொறியியலாளர் 1902ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். அக்கருத்துப் பயன்பாட்டிற்குப் பரவ அரை நூற்றாண்டு சென்றது. 1953ஆம் ஆண்டு பிரான்சிலே லெ மான் என்னுமிடத்தில் நடந்த 24 மணிநேர ஓட்டப்போட்டியில், டன்லொப் நிறுவனத்தின் தட்டுப் பிறேக் பூண்ட ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. அப்போட்டியின் வரலாற்றில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகம் பதிவானது அதுவே முதன்முறை. விரைவாக நிற்க வல்ல வண்டியே விரைவாக ஓடவும் வல்லது என்பதை உலகம் அன்று கண்டது. 1955ஆம் ஆண்டில் வெளிவந்த சித்ரோன் டிஎஸ் காரின் முன்சில்லுகளில் இதே ஏற்பாடு இடம்பெற்றது.

இக்கருவி இயங்கும் முறை எளிது. அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்திற் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமற் செல்லும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதி. காலால் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழாயிலுள்ள பிறேக் எண்ணெய் அழுத்தப்படுகின்றது. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே ஒவ்வொரு சில்லையும் அடைந்து, அங்கே கலிப்பர் என்னும் கவ்வியினுள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகின்றது. பிஸ்டன் உட்புறத்துப் பேட்டைத் தட்டின்மீது அழுத்த, கலிப்பர் தன் வழுக்கு ஊசிகளின்மேல் நகர்ந்து வெளிப்புறத்துப் பேட்டையும் இழுத்து அழுத்துகின்றது. இவ்விரு பேட்டுகளும் இரும்புத் தட்டும் ஒன்றையொன்று உரசியே தேய்கின்றன. தேய்வதே அவற்றின் தொழில். தேய்ந்தபின் மாற்றுவது உடைமையாளரின் கடமை.

மாற்றவேண்டிய காலத்தை எவ்வாறு அறிவது? பேட்டின் உரசும் பொருள் 3 மில்லிமீற்றர் தடிப்பை அண்மித்தவுடன் புதியதை வாங்குதல் நன்று. பல பேட்டுகளிற் சிறு தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பொருள் தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் கீச்சென்று ஒலிக்கும். அவ்வொலியைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பின்னர் இரும்போடு இரும்பு அறையும் கரகரப்பே கேட்கும். அந்நிலையில் தட்டும் பழுதாகிவிடும். தட்டு எவ்வளவு தேயலாம் என்ற எல்லையை அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ மில்லிமீற்றர்க் கணக்கிற் பொறித்திருப்பர். அளவு கருவியினாற் பல இடங்களில் அளந்து, எங்கேனும் அவ்வெல்லைக்குக் கீழே காணப்படின் தட்டை மாற்றியேயாகவேண்டும். ஆழ்ந்த கீறல்களும் வெடிப்புக்களும் கண்டவிடத்தும் அதுவே விதி. ஒருபுறத்துப் பேட்டையோ தட்டையோ மட்டும் மாற்றுதல் ஆகாது. இடச்சில்லும் வலச்சில்லும் வேறு வேறாகப் பிடிப்பின் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

முன்சில்லில் இவ்வேலை நிகழும் ஒழுங்கு வருமாறு. முதலில் வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்திக் கைபிறேக்கை இழுத்து, பின்சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டைகள் வைத்தல் வேண்டும். சில்லின் நட்டுகளை, சில்லு தரையில் ஊன்றி நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்தவேண்டும். வண்டியை உயர்த்தியபின் அவற்றோடு போராடுவது ஆபத்து. பின்னர், தயாரித்தோர் குறித்த இடத்தில் ஜக்கை வைத்து உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கியை அடியில் நிறுத்தி, வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்குதல் வேண்டும். ஜக்கு உயர்த்துவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கற்களையும் சீமெந்துக் கற்களையும் அடுக்கித் தாங்கவைப்போர் உளர். பாரம் ஓர் ஓரத்தில் விழுமாயின் அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தாங்கி இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே அறிவுடைமை.

சில்லைக் கழற்றியதும் கரிய தூள் படிந்திருக்கக் காணலாம். அதனை ஊதுதலும் காற்றுக்குழாயினால் வீசுதலும் கூடா. பழைய காலப் பேட்டுகள் கல்நார் கலந்து செய்யப்பட்டவை; அத்தூள் நுரையீரலைக் கெடுப்பது. பிரித்தானியா 1999ஆம் ஆண்டில் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. இற்றைப் பேட்டுகளிற் பெரும்பாலானவை கல்நார் அற்றவையாயினும், எத்தூளும் சுவாசத்திற்கு நல்லதன்று. பிறேக் கழுவும் திரவத்தைத் தெளித்து, ஈரத்துடன் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

அடுத்துக் கலிப்பரைப் பிடித்துநிற்கும் ஊசிகளின் ஆணிகளைக் கழற்றிக் கலிப்பரை எடுக்கவேண்டும். அதனை அதன் இறப்பர்க் குழாயில் தொங்கவிடுவது பெருந்தவறு. வெளியே நலமாகத் தோன்றும் குழாய் உள்ளே கிழிந்து, பிறிதொரு நாள் பிறேக் எண்ணெயைத் தடுக்கவோ கசியவிடவோ கூடும். ஒரு கம்பித் துண்டினால் மேலேயுள்ள சுருளிற் கட்டிவிட்டால் போதும். பின்னர்ப் பழைய பேட்டுகளை எடுத்து, கலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் இரு பெரிய ஆணிகளையும் கழற்றினால் தட்டு வெளிவரும். கடற்காற்று வீசும் ஊர்களில் தட்டுக் கறள் பிடித்து இறுகியிருப்பது இயல்பு. கறள் தளர்த்தும் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுத்து, சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் அது விடுபடும்.

புதிய தட்டு அமரும் முகத்தைக் கம்பித் தூரிகையினால் நன்கு துப்புரவு செய்தல் வேண்டும். அங்கே எஞ்சிய ஒரு சிறு கறட்பொருக்குக்கூடத் தட்டைச் சாய்த்துவிடும். பின்னர்ப் பிறேக் பிடிக்குந்தோறும் பெடல் காலடியில் நடுங்கும். புதிய தட்டின் மீது கறள் படாதிருக்க எண்ணெய் பூசி விற்பர். அதனைக் கழுவித் துடைத்தபின் விரலாலும் தொடாதிருத்தல் நன்று. சட்டத்தின் ஆணிகளைக் கையேட்டிற் கூறப்பட்ட முறுக்கு அளவுக்கு, அளவுகாட்டும் ஸ்பானரினால் இறுக்கவேண்டும்.

புதிய பேட்டு தடித்ததாதலின் பிஸ்டனைப் பின்னே தள்ளினாலன்றிக் கலிப்பர் பொருந்தாது. பழைய பேட்டை இடையில் வைத்து இறுக்கியினால் மெதுவாகத் தள்ளவேண்டும். அப்போது மேலேயுள்ள எண்ணெய்க் கிண்ணம் நிரம்பி வழியக்கூடும். அவ்வெண்ணெய் காரின் நிறப்பூச்சை அரிப்பதாகையால் முன்னரே சிறிது எடுத்துவிடுதல் நன்று. வழுக்கு ஊசிகளைத் துடைத்து, பிறேக்கிற்கென விற்கப்படும் வெப்பம் தாங்கும் கிறீஸை மட்டும் பூசவேண்டும். சாதாரண கிறீஸ் இறப்பரை ஊதச்செய்து ஊசியை இறுக்கிவிடும். பேட்டின் உரசும் முகத்தில் எவ்வகை எண்ணெயும் படலாகாது. அம்முகம் தட்டை நோக்கியே இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்குவதாயினும், அவசரத்தில் மாற்றிப் பொருத்தியவர்கள் உண்டு.

கலிப்பரைப் பூட்டி, சில்லை மாட்டி, வண்டியை இறக்கியபின் நட்டுகளை எதிரெதிர் ஒழுங்கில் இறுக்கவேண்டும். இரு புறத்தையும் முடித்தபின் வருவது இவ்வேலை முழுவதிலும் மறக்கக்கூடாத படி. தள்ளப்பட்ட பிஸ்டன் தட்டிலிருந்து விலகி நிற்பதால், முதல்முறை மிதிக்கும்போது பெடல் தரைவரை செல்லும், வண்டி நில்லாது. ஆகவே வண்டியை அசைக்குமுன், பெடல் உயர்ந்து உறுதியாக நிற்கும்வரை மெதுவாகப் பலமுறை மிதித்தல் வேண்டும். பின்னர் எண்ணெயின் அளவைப் பார்த்து, குறைந்திருப்பின் கையேடு கூறும் வகையையே ஊற்றுதல் வேண்டும். இவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை, புதியதாயிருக்கும்போது 230 பாகை வரையேனும் கொதிக்காது. நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 பாகையளவிற்குத் தாழ்ந்துவிடலாம். மலையிறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் வெற்றாக அமுங்கும். ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவர்.

புதிய பேட்டும் தட்டும் ஒன்றோடொன்று பழகச் சிறிது காலம் வேண்டும். வாகன நடமாட்டம் குறைந்த வீதியில், மிதமான வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பத்து முறையளவில் இவ்வாறு செய்தல் தகும். முதற் சில நூறு கிலோமீற்றர்களுக்கு, அவசியம் நேர்ந்தாலன்றிக் கடுமையாக மிதியாதிருத்தல் நன்று. 50 கிலோமீற்றர் ஓடியபின் சில்லின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

வீட்டில் தீர்க்கக்கூடாத பழுதுகளும் உள. பிஸ்டன் அசைய மறுத்தல், எண்ணெய் கசிதல், பலமுறை மிதித்தும் பெடல் மெத்தென்றிருத்தல், எச்சரிக்கை விளக்கு அணையாதிருத்தல் ஆகியவை தேர்ந்த தொழிலாளரின் கைக்குரியவை. பின்சில்லின் கலிப்பரிலேயே கைபிறேக் அமைந்த வண்டிகளிற் பிஸ்டனைத் தள்ளலாகாது, திருகியே உட்செலுத்தவேண்டும். மின்சாரக் கைபிறேக் உள்ளவற்றை அதற்குரிய பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றிய பின்னரே தொடலாம்.

சிக்கனம் நல்லதே. ஆயினும் இவ்வேலையில் மிச்சப்படுத்தத் தகுவது கூலி மட்டுமே. தரமான பேட்டும் உறுதியான தாங்கியும் போதிய நேரமும் மிச்சப்படுத்தத் தகாதவை. மாலை இருட்டுமுன் முடித்துவிடவேண்டும் என்னும் அவசரம் எழுமாயின், சில்லைக் கழற்றியபடியே வண்டியைத் தாங்கியில் நிறுத்தி மறுநாட் காலையில் தொடர்வதே முறை. ஒருநாள் பேருந்திற் செல்வதனால் எவருக்கும் குறைவு வருவதில்லை.