காலில் சர்க்கரைப் புண்ணா? வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள்



ஏரியில் இறங்கிப் பிழைப்பவர்களுக்குக் காலில் கிளிஞ்சல் கிழிப்பது புதிதல்ல. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டா இறங்குகிறார்கள்? கிழித்தால் வலிக்கும், நாலு நாள் நொண்டுவோம், ஆறிவிடும். ஆனால் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இந்தக் கணக்கு சரிவராது. சர்க்கரை அவருடைய கால் நரம்புகளைக் கெடுத்து, உணர்ச்சியை மங்க வைத்து விடுகிறது. உள்ளங்காலில் குழி விழுந்த பிறகும் அதன் மேலேயே நடப்பார். கேட்டால், “வலியே இல்லீங்க, நல்லா ஆறிக்கினு வருது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கால்தான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

வலி சொல்லாததைப் படம் சொல்லும். புண் ஆறுகிறதா இல்லையா என்று டாக்டர்கள் பார்க்கும் வழிகளில் எளிதானது, வாரா வாரம் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை வீட்டிலேயே செய்யலாம். பெரிய மீன் பட்டால் செல்போனில் படம் எடுக்கிறோம் அல்லவா, அதே செல்போன் போதும்.

உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம். ஆகவே மனைவியோ மகனோ மகளோ எடுக்கட்டும். நர்ஸம்மா கட்டு மாற்றிப் புண்ணைச் சுத்தம் செய்தவுடன் எடுப்பது நல்லது. வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், வாசல் பக்கம் உட்கார வையுங்கள். புண்ணுக்கு நேர் எதிரே, ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் போனைச் சாய்க்காமல் பிடியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலையும், தேதி எழுதிய ஒரு சீட்டையும் புண்ணின் பக்கத்தில், புண்ணில் படாமல் வையுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தால் அதிகப் பிரயோஜனம் இல்லை. போனைக் கிட்டே கொண்டு போனால் புண் பெரிசாகத் தெரியும், தள்ளிப் பிடித்தால் சின்னதாகத் தெரியும். முகத்தை வெள்ளையாக்கிக் காட்டும் வசதிகள் போனில் இருந்தால் அவற்றை அணைத்து விடுங்கள். புண்ணுக்கு அழகு வேண்டியதில்லை!

படத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது எப்படி? ஒருவருக்குப் புண் 4 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கினால் 12. நாலு வாரம் கழித்து 3 நீளம், 2 அகலம். பெருக்கினால் 6. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் புண் பாதியாகி விட்டது. நாலு வாரத்தில் பாதியாகும் புண், பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிடும் வழியில் இருக்கிறது. பாதியாகவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அதே மருந்தை இன்னும் நாலு வாரம் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஏன் ஆறவில்லை என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஒரு விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். புண்ணைச் சுற்றிய தோல் காய்ப்பையும் செத்த சதையையும் டாக்டர் வெட்டி எடுத்த பிறகு, புண் முன்னைவிடப் பெரிசாகத் தெரியும். “ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பெரிசாச்சு” என்று சிலர் நின்று விடுகிறார்கள். காய்ப்புக்கு அடியில் ஒளிந்திருந்த அளவுதான் இப்போது வெளியே தெரிகிறது. அன்றைய படத்தையே முதல் படமாக வைத்துக் கொள்ளுங்கள்.

செல்போன் படம் மேல்தோலை மட்டும்தான் காட்டும். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைப்பதும் உண்டு. எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எக்ஸ்ரே எழுதுவார். எலும்பில் ஏற்படும் அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதனால்தான் முதல் படம் நன்றாக இருந்தாலும், மறுபடி ஒன்று எடுத்து வரச் சொல்கிறார்கள். “போன மாசம்தானே எடுத்தோம்” என்று விட்டுவிடாமல் பொன்னேரிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ போய் எடுத்து வாருங்கள். பழைய படத்தையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மாறுதல் தெரியும். பாதம் சில்லிட்டிருந்தாலோ, விரல் கறுத்தாலோ ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படும். ரத்தம் போகாத இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது.

புண் ஆறாமல் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், அதன் மேல் நடப்பதுதான். இதை நமக்கு அழுத்தமாகக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, உணர்ச்சியற்றுப் போன தொழுநோயாளிகளின் கை கால்களைக் கவனித்தவர். நோய் தானாகக் காலைத் தின்னவில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் பாரமே புண்ணாக்குகிறது என்று கண்டார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, தோலின் சூட்டைக் காட்டும் படக்கருவியால் பாதங்களைப் பார்த்தார். புண் வரப்போகும் இடம் முன்னாடியே சூடாகி விடுகிறது! சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் இது பொருந்தும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை. அந்தக் கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது. புண் ஆறிய பிறகு, வீட்டில் ஒருவர் தினமும் புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் நடையைக் குறைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

பாரம் படாமல் இருக்க மாவுக் கட்டோ, தனிச் செருப்போ தருவார்கள். இதை எழுதுவது எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும். பாட்டு முறை வரும் நாளில் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எப்படி எரியும்? இருந்தாலும் புண்ணோடு ஏரியில் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் உள்ள சில கிருமிகள் ஒரு நாளைக்குள்ளேயே கால் முழுக்கப் பரவக் கூடியவை. அண்ணன் தம்பியோ மைத்துனரோ உங்களுக்குப் பதிலாகப் போக முடியுமா என்று ஊரில் முன்கூட்டியே பேசுங்கள். கரையில் உட்கார்ந்து வலை பின்னலாம். இந்தப் பேச்சை நோயாளியைவிட வீட்டுப் பெண்கள் தொடங்கினால் நடக்கும் என்பது எங்கள் எண்ணம்.

சுளுக்குக்குப் போடுகிற மஞ்சள் சுண்ணாம்புப் பற்றைப் புண்ணில் போடாதீர்கள். வெந்து போனாலும் அந்தக் காலுக்குத் தெரியாது.

கால் வீங்கிச் சிவப்பு ஏறினால், நாற்றம் அடித்தால், கறுத்தால், காய்ச்சலோ குளிரோ கண்டால், வாரப் படத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது படங்கள் உள்ள போன், எக்ஸ்ரே, சர்க்கரைச் சீட்டு ஆகியவற்றோடு தினம் போடும் செருப்பையும் கொண்டு வாருங்கள். உள்ளே ஆணி கிளம்பியிருக்கிறதா, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று நர்ஸம்மா கைவிட்டுப் பார்ப்பார்.