நீலியின் கண்ணீர்

பொய்யாக அழுபவரைப் பார்த்து, 'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்பது தமிழர் வழக்கு. அந்த நீலியின் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரே அது.

கணவனால் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயுருவில் பின்தொடர்ந்தாள் என்கிறது நாட்டுப்புறக் கதை. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் சென்று, 'கணவர் என்னைக் கைவிடுகிறார்' என்று அழுதாள். வணிகன் அஞ்சி மறுத்தான். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைத்தனர் வேளாளர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இச்செய்தியைச் சுட்டியுள்ளார்.

வேளாளரின் வாய்மை போற்றப்பட்டது, அது தகும். ஆனால் முதலில் கொல்லப்பட்டவள் அவள் அல்லவா? மொழியின் நினைவில் அக்கொலை தங்கவில்லை. அவள் அழுத பொய்யழுகை மட்டுமே தங்கியது.

மாயம் வல்ல இளம்பெண்ணுக்கும் கண்ணீருக்கும் உள்ள தொடர்பைப் பிற நாட்டாரும் எண்ணியிருக்கின்றனர். சப்ரினா என்னும் பதின்பருவச் சூனியக்காரி, 1962 அக்டோபரில் அமெரிக்காவின் 'ஆர்ச்சீஸ் மேட் ஹவுஸ்' என்ற படக்கதை இதழில் தோன்றினாள். ஜார்ஜ் கிளாடிர் எழுத, டான் டிகார்லோ வரைந்தார். அக்கதையின்படி சூனியக்காரிக்கு அழ வராது. காதலித்தால் ஆற்றல் போய்விடும். அங்கே அவளுக்கு அழத் தெரியாது. இங்கே நீலி அழுதே வென்றாள்! நகைச்சுவைக்காகப் பிறந்த சப்ரினாவை, 2014இல் ராபர்ட்டோ அகிரே சகாசாவும் ராபர்ட் ஹேக்கும் திகில் கதையின் தலைவியாக்கினர். பல காலத்துக் கதைகளை ஒருங்கே தரும் படக்கதைத் தொகுப்பைப் புரட்டினால், ஒரே பெண் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொருத்தியாக மாறுவதைக் காணலாம்.

நீலியோ இதற்கு எதிர்த்திசையில், திகிலிலிருந்து அறிவை நோக்கி நடந்தாள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியை இயற்றிய சமணப் புலவர் யாரென்று தெரியவில்லை. முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரால் காளி கோயிலில் உயிர்ப்பலி நின்றுவிடுகிறது. அவரை விரட்டப் பழையனூர் நீலி அழைக்கப்படுகிறாள். அச்சுறுத்திப் பார்க்கிறாள், பலிக்கவில்லை. அரசிளங்குமரியாக உருமாறி மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. முடிவில் கொல்லாமை அறத்தை ஏற்று, வாதப்போருக்குப் புறப்படுகிறாள்.

அவள் முதலில் எதிர்கொள்வது பௌத்தக் காப்பியத் தலைவி குண்டலகேசியை. தன்னைக் கொல்ல முயன்ற கணவனை மலையிலிருந்து தள்ளியவள் அவள். கணவன் கையால் சாவைக் கண்ட பெண்கள் என்று கதைகள் சொல்லும் இருவர், இங்கே உயிரையும் வினையையும் பற்றி வாதிடுகின்றனர். அதன்பின் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவராக நீலகேசி வென்று செல்கிறாள். அந்த வாதங்களில் அவள் ஓரிடத்திலும் அழுவதில்லை.