மண்டை உடைந்தவர் 60 "கோல்" போட்டார்!

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "பிழைப்பதே கஷ்டம். பிழைத்தாலும் இனி கால்பந்து ஆட முடியாது" என்பது அவர்கள் முடிவு.

ஆனால் அவர் பிழைத்தார். பந்தும் ஆடினார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஒரு சாதனையும் செய்தார். இங்கிலாந்தில் அந்தச் சாதனையை இன்று வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

அவர்தான் டிக்சி டீன்!

இரவு வேலை

இங்கிலாந்தில் லிவர்பூல் ஒரு பெரிய துறைமுக நகரம். ஆற்றுக்கு அக்கரையில் பர்க்கன்ஹெட் என்ற ஊர் இருக்கிறது. 1907-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி டீன் அங்கே பிறந்தார். ஏழைத் தொழிலாளர் குடும்பம். தகப்பனார் ரெயில்வே தொழிலாளி.

டீனும் ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் தெரியுமா? பகலில் பந்து ஆடலாம் அல்லவா!

உள்ளூர் கோஷ்டியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தது, லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கிளப். 1925-ம் ஆண்டு 3 ஆயிரம் பவுன் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 18.

"டிக்சி" என்பது பட்டப் பெயர். அவருக்கு அது பிடிக்காது. "பில்" என்று கூப்பிட்டால்தான் மகிழ்ச்சி.

பயங்கர விபத்து

1926-ம் ஆண்டு ஜூன் மாதம் டீன் மோட்டார் சைக்கிளில் சென்றபோது விபத்து நடந்தது. அவருடைய மண்டை ஓடு உடைந்தது. தாடை எலும்பும் முறிந்தது. 36 மணி நேரம் நினைவு திரும்பவில்லை.

கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் காலால் மட்டும் அடிப்பதில்லை. தலையாலும் முட்டுவார்கள். அந்தக் காலத்துப் பந்து கனத்த தோலால் ஆனது. மழையில் நனைந்தால் இன்னும் கனமாகிவிடும். உடைந்த மண்டையால் அதை முட்ட முடியுமா?

டீன் முட்டினார்! அதே ஆண்டு அக்டோபர் மாதம் மீண்டும் மைதானத்தில் இறங்கினார். துள்ளி எழுந்து தலையால் பந்தைத் திருப்புவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் வாங்கினார்.

இன்னும் மூன்று!

1927-28-ம் ஆண்டு லீக் பந்தயத்தில் டீன் கோலுக்கு மேல் கோல் போட்டார். அதற்கு முந்திய ஆண்டுதான் மிடில்ஸ்பரோ கோஷ்டியின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல் போட்டிருந்தார். அதை மிஞ்ச வேண்டுமானால் கடைசி மூன்று ஆட்டங்களில் டீன் 9 கோல் போட வேண்டும்.

முதல் ஆட்டத்தில் 2 போட்டார். அடுத்த ஆட்டத்தில் 4 போட்டார். மீதி 3.

1928-ம் ஆண்டு மே 5-ந் தேதி கடைசி ஆட்டம். லிவர்பூல் நகரில் உள்ள கூடிசன் பார்க் மைதானம். எதிரி, ஆர்சனல் கோஷ்டி. எவர்ட்டனுக்குச் சாம்பியன் பட்டம் முன்பே உறுதியாகிவிட்டது. ஆனாலும் கூட்டம் திரண்டு வந்தது. எல்லோருடைய கண்ணும் டீன் மேல்தான்!

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே 2 கோல் விழுந்தது. பிறகு நேரம் ஓடியது. மூன்றாவது கோல் விழவே இல்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மைதானத்தின் மூலையில் இருந்து பந்து பறந்து வந்தது. டீன் எம்பினார். தலையால் முட்டினார். கோல்! 39 ஆட்டங்களில் 60 கோல்!

1925-ம் ஆண்டு "ஆப்சைடு" விதியைத் தளர்த்தியதால் கோல் போடுவது எளிதானது உண்மை. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் பொது. முதல் பிரிவில் 60 போட்டவர் டீன் ஒருவர்தான்.

கைவிடவில்லை

1930-ம் ஆண்டு எவர்ட்டன் கடைசி இடத்துக்கு வந்து, இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. டீன் கிளப்பை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டே 39 கோல் போட்டு, கோஷ்டியை மேலே தூக்கி வந்தார். 1932-ல் முதல் பிரிவில் சாம்பியன் பட்டம் கிடைத்தது. 1933-ல் அவர் தலைமையில் எவர்ட்டன் இங்கிலாந்து கோப்பையையும் வென்றது.

இங்கிலாந்து நாட்டுக்காக 16 பந்தயங்களில் 18 கோல் போட்டார். எவர்ட்டனுக்காக மொத்தம் 433 பந்தயங்களில் 383 கோல்!

இவ்வளவுக்கும் சம்பளம் எவ்வளவு? ஆட்டக்காரர்களுக்கு வாரம் 8 பவுனுக்கு மேல் தரக் கூடாது என்பது அந்தக் காலச் சட்டம். 60 கோல் போட்டவருக்கும் அதுதான்.

1936-ம் ஆண்டு இறுதியில் டாமி லாட்டன் என்ற வாலிபர் எவர்ட்டனில் சேர்ந்தார். டீன் இடத்துக்கு வந்தவர் அவர். டீன் பொறாமைப்படவில்லை. தலையால் முட்டும் வித்தையை அந்த வாலிபருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1938-ம் ஆண்டு கிளப்பை விட்டுப் பிரிந்தார்.

உயிர் பிரிந்த இடம்

பிறகு செஸ்டர் நகரில் மதுக்கடை நடத்திப் பிழைத்தார். 1976-ல் நோயால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. கோல் போட்ட கால் போயிற்று. பந்தாட்ட ஆசை போகவில்லை.

1980-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி எவர்ட்டனும் லிவர்பூலும் மோதின. அதைப் பார்க்க டீன் கூடிசன் பார்க் வந்தார். அங்கேயே மாரடைப்பு ஏற்பட்டு உயிர் பிரிந்தது. வயது 73.

2001-ம் ஆண்டு அந்த மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 60-வது கோல் விழுந்ததும், அவர் கண் மூடியதும் ஒரே இடத்தில்தான்!