சாயவேரைத் தோண்டியவர் யார்?

பிள்ளைச்சாவடியில் கடல் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் வழியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் வடக்கே உள்ள கடலோரக் கிராமங்கள் கரையை இழக்கின்றன. வீடு இடிந்தது, படகு நிறுத்த இடமில்லை என்பதெல்லாம் செய்தியாகிறது. ஆனால் சோழமண்டலக் கரையின் மணலுக்கென்றே ஒரு செடி உண்டு. ஒரு சாண் உயரம், சின்னஞ்சிறு வெள்ளைப் பூ, மெல்லிய நீண்ட வேர். சித்த வைத்தியர்களுக்கு அது இம்பூறல். இருமலில் ரத்தம் வந்தால் கொடுக்கும் மூலிகை. சாயக்காரர்களுக்கு அது சாயவேர். மணல் போனால் அதுவும் போகும்.

பருத்தித் துணியில் வெளுக்காத சிவப்பு ஏற்றும் வித்தை ஐரோப்பாவுக்குப் பிடிபடாமல் இருந்த காலத்தில், அந்தச் சிவப்பு இந்த வேரிலிருந்துதான் கிடைத்தது. சோழமண்டலத் துணி பிரான்சில் எந்த அளவுக்கு விற்றது என்றால், உள்நாட்டு நெசவாளர்களைக் காப்பாற்ற 1686இல் அதற்குத் தடையே போட்டார்கள். 1759 வரை தடை நீடித்தது. விற்கத்தான் தடை, கற்றுக்கொள்ளத் தடையில்லை.

1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் பாரிஸின் வேதியியல் அறிஞர் துஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று கண்டுசொன்ன அதே துஃபேதான், பிரான்சின் சாயத் தொழிலை மேற்பார்வையிடும் பொறுப்பிலும் இருந்தார். துணிக்குச் சாயம் ஏற்றுவதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்து எழுத வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. பொலியே அப்படியே செய்தார். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணி நனைவது, கரித்தூள் தட்டிக் கோலம் பதிப்பது, இரும்புக் கரைசலில் கறுப்புக் கோடு, படிகாரம் தீட்டுவது, சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பது, மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது என்று எல்லாம் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி, துணித் துண்டுகளோடு இன்றும் பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது. எட்டு ஆண்டு கழித்து, 1742இல், சேசு சபைப் பாதிரியார் கேர்தூ இதே வித்தையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். அவருக்கு அதைச் சொன்னவர்கள், அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்ச் சாயக்காரர்கள்.

துணி, சாயம் பற்றிய அறிவியல் ஆய்வின் வரலாற்றில் புதுச்சேரிக்கு இப்படி ஓர் இடம் உண்டு. துஃபே, பொலியே, கேர்தூ என்று பெயர்களும் உண்டு. சாயம் தீட்டியவர் யாரென்று ஒரு பெயர்கூட இல்லை.

வேரில் இருக்கும் வேதியியல்

பொலியே பார்த்தது என்ன என்பதை இன்றைய வேதியியல் விளக்கிவிடும். சாயவேரில் இருக்கும் முக்கியமான நிறப்பொருள் அலிசரின். பருத்தி அதைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது, துவைத்தால் போய்விடும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் அலிசரினையும் பிடித்துக்கொள்கிறது. படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், தொடாத இடம் வெளுத்துவிடும் என்பது இதனால்தான். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. பாலின் கொழுப்பும் புரதமும் தீட்டிய கோடு துணியில் பரவாமல் தடுக்கின்றன. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சிவப்பு நன்றாக வரும் என்பதும் சாயக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவுரித் தொட்டி இன்னும் நுட்பமானது. நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்துத் தொட்டியில் ஊறப் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகி, நீலத்தைக் கரையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றிவிடும். தொட்டிக்குள் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சை. துணியைத் தூக்கிக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலமாகும். மணத்தை வைத்தும் நாக்கில் தொட்டும் தொட்டியின் பதம் அறிந்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவர்கள் அல்ல. அவர்கள் செய்ததும் ஆய்வுதான். செய்து பார்த்து, கெட்டுப்போய், மீண்டும் செய்து பார்த்து, தலைமுறைகளாகச் சேர்த்த ஆய்வு.

இதிலும் ஒரு படிநிலை இருந்தது. தீட்டியவர்களாவது 'சாயக்காரர்' என்ற தொழிற்பெயரோடு ஏட்டில் இடம்பிடித்தார்கள். வேரைத் தோண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. 1795இல் வெளியான சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் ராக்ஸ்பரோ இந்தச் செடியின் படத்தைப் போட்டு, பயிரிட்ட வேரைவிடக் காட்டு வேரில் கால் பங்கு கூடுதலாகச் சாயம் உண்டு என்று குறிக்கிறார். அப்படியானால் உயர்ந்த சிவப்புக்குக் காட்டு வேர் வேண்டும். காட்டு வேருக்கு வெயிலில் மணலைக் குடைந்து, நூல் போன்ற வேர் அறுபடாமல் இழுத்தெடுக்கும் கை வேண்டும். எந்த மேட்டில் இரண்டு வருடச் செடி இருக்கிறது என்று தெரிந்த கண் வேண்டும்.

அந்தக் கை யாருடையது என்பதை யாழ்ப்பாணமும் மன்னாரும் ஓரளவு காட்டுகின்றன. அங்கே டச்சுக்காரர் ஆட்சியில் சாயவேர் அரசின் ஏகபோகம். தோண்டுவது கூலி வேலை அல்ல, சாதி ஊழியம். தாழ்த்தப்பட்ட குறிப்பிட்ட பிரிவினர் வேரைத் தோண்டி அரசிடம் கொடுத்தே தீர வேண்டும். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் இலங்கையில் 1832இல்தான் ஒழிக்கப்பட்டது. மணலுக்கும் வேருக்கும் இடையே இருந்தவர்களைச் சாதி எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தீட்டான நீலம்

நீலத்தின் கதை வேறு மாதிரி. மனுவின் 10ஆம் அத்தியாயம், வாணிபம் செய்து பிழைக்க நேர்ந்த பிராமணன் விற்கக் கூடாத பொருள்களில் கள், அரக்கோடு அவுரி நீலத்தையும் சேர்க்கிறது. புளிக்கும் தொட்டியின் நாற்றமும் தீட்டுக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. நீலம் பின்னாளில் நம் கொடியின் நிறமானதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மனு தள்ளிவைத்த நிறம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

தீட்டான நீலத்துக்கு லாபத்தில் தீட்டு இல்லை. 'கினி' என்று பெயர் பெற்ற புதுச்சேரி நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பணத்துக்கு நிகராகச் செல்லுபடியானது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணி கொடுத்து அங்கே மனிதர்களையே வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் செனகல் கரையில் அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் பிரான்சின் துணி அச்சு ஆலைகளுக்குச் சாயத்தைக் கெட்டியாக்கப் போனது.

பிறகு ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டது. ஜெர்மனியில் கிரேபவும் லீபர்மனும் 1868இல் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். 1897இல் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயவேருக்குத் தேவை போனது. சென்னை மாகாணத்தில் அவுரி அதிகம் விளைந்த தென்னார்க்காட்டிலும் பயிர் சுருங்கியது. தோண்டியவர்களும் தொட்டியில் அடித்தவர்களும் வேறு கூலிக்குப் போனார்கள். கட்டாய வேலை போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலையில் சேர்ந்த அறிவுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

செயற்கைச் சாயம் வந்தும் தொட்டியில் இறங்குகிறவர் மாறவில்லை. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி அவ்வப்போது வருகிறது. இறந்தவர்களின் சாதியைப் பார்த்தால் ஆச்சரியப்பட எதுவும் இருக்காது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கத் தடை விதிக்கிறது. பட்டறை முதலாளி 'அது சாயத்தொட்டிதானே' என்கிறார்.

இப்போது காற்று மறுபடி திரும்புகிறது. புற்றுநோய் உண்டாக்கும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1990களில் தடை செய்ததிலிருந்து இயற்கைச் சாயத்துக்கு ஏற்றுமதி மதிப்பு கூடியிருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அவுரி பயிராகிறது. வேலூர் விஐடியின் ஆய்வாளர்கள் சாயவேரின் வேரை மட்டும் ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்த்து நிறப்பொருள் எடுக்கும் வழியைத் தேடி, 2012இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல முயற்சி. செடியை வேரோடு பிடுங்காமல் சாயம் கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைச்சாவடியிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்துக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். இந்த மணலை ஆராய அவர்களைவிட அருகில் யாரும் இல்லை.

கேள்வி பங்கைப் பற்றியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, உள்ளூர்ச் செடியையும் அறிவையும் வணிகத்துக்குப் பயன்படுத்துகிறவர் பலனில் ஒரு பகுதியை அந்த மக்களுக்குத் தர வேண்டும். 2023 திருத்தம் இதில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஏட்டில் ஏறிய பாரம்பரிய அறிவுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு. இம்பூறல் சித்த நூல்களில் இருக்கிறது. மணலில் வேர் எங்கே இருக்கும் என்ற அறிவு எந்த நூலிலும் இல்லை. ஆக, எழுதாத அறிவுக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு மிச்சம். ஆனால் அது யாருடையது என்று காட்ட ஏதாவது ஆவணம் வேண்டும்.

அந்த ஆவணம்தான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உள்ளாட்சி அமைப்புதோறும் ஒரு குழு அமைத்து எழுத வேண்டியது. புதுச்சேரியில் 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரிகள் மேசையில் எழுதும் பதிவேட்டில் செடியின் லத்தீன் பெயர் இருக்கும். சேரியில் வேர் பறித்து வைத்தியருக்கும் மூலிகைக் கடைக்கும் கொடுக்கும் பாட்டியின் பெயர் இருக்காது.

பதிவேட்டின் படிவத்தில் அறிவுடைய உள்ளூர் மக்களின் பெயரை எழுதத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கரையோரச் சேரிகளிலும் குப்பங்களிலும் வயதானவர்களைத் தேடிப் போய், அவர்கள் கேட்கும்படி வாசித்துக்காட்டி அதை நிரப்ப வேண்டும். ஆதிதிராவிடர் விடுதி மாணவர்களில் தாவரவியலும் வேதியியலும் படிக்கிறவர்களை இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத் தேர்தல் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலும் காத்திருக்காது.