தாகம் தீர்க்கும் தண்ணீருக்கும் அளவுண்டு

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை, தைப்பூசத் திருநாளன்று காவடியும் பால்குடமும் ஏந்திப் பக்தர்கள் பாதயாத்திரையாகச் செல்வது சிங்கப்பூர் இந்துக்களின் தொன்றுதொட்ட வழக்கம். கொரோனா தொற்றினால் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் நின்றிருந்த இவ்வூர்வலம், 2023ஆம் ஆண்டில் மீண்டும் சிறப்புற நடந்தேறியது. வழிநெடுகிலும் அமையும் தண்ணீர்ப் பந்தல்கள் இவ்விழாவின் தனிச்சிறப்பு.

தண்ணீர்ப் பந்தல் அமைப்பது பெரும் புண்ணியச் செயல். திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள் நாயனார், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்து அறம் வளர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் வழியே நாம் அறிவோம். அந்த அறத்தை இந்நகரில் தொடரும் அன்பர்கள், நீர் வழங்கும் முறையையும் அறிந்திருத்தல் நலம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் முதுமொழி தண்ணீருக்கும் பொருந்தும் என்பதை மருத்துவ அறிவியல் மெய்ப்பித்துள்ளது.

நீர் மிகுந்தால் நேர்வது என்ன?

நம் இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். நலமுள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையே வெளியேற்ற வல்லவை. அதற்கு மேலும் தொடர்ந்து பருகினால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகிறது. உயிரணுக்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குகின்றன. மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாத மூளை வீங்கும்போது தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

தமிழர் பலர் வாழும் டர்பன் நகரை உள்ளடக்கிய தென்னாப்பிரிக்காவில், நீண்டதூரப் போட்டிகளில் பங்கேற்று இவ்வாறு பாதிக்கப்பட்ட நால்வரைப் பற்றி மருத்துவர் டிம் நோக்ஸ் குழுவினர் 1985ஆம் ஆண்டில் எழுதினர். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை குறைவதற்கு மாறாகக் கூடியவர்களே, அதாவது வியர்வையாய் இழந்ததைவிட மிகுதியாகப் பருகியவர்களே, பெரிதும் பாதிப்புற்றனர்.

விரதமிருப்போர் கவனத்திற்கு

காவடி எடுப்போர் இவ்வகையில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். பல நாட்கள் ஒருவேளை உணவுண்டு விரதமிருப்பதால் உடலில் சேரும் உப்பும் புரதமும் குறைகின்றன. அவை போதிய அளவு இல்லாவிடில் சிறுநீரகங்களால் மிகுதியான நீரை வெளியேற்ற இயலாது. மேலும் நெடுநேர நடை, வலி, குமட்டல் ஆகியவை சிறுநீரைக் குறைக்கும் சுரப்பு ஒன்றைத் தூண்டுகின்றன. நம் நாட்டின் புழுக்கத்தில் வழியும் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. இந்நிலையில் ஒவ்வொரு பந்தலிலும் வற்புறுத்தலுக்கிணங்கி வெறும் நீரையே குவளை குவளையாகப் பருகுவது தகாது.

இதனால் தண்ணீரே அருந்தலாகாது என்று கருதுவது அதனினும் பெரும் பிழையாகும். வெயிலில் நீரிழப்பும் வெப்பத்தாக்கும் உண்மையான ஆபத்துகளே. தாகம் எடுக்கும்போது சிறிது சிறிதாகப் பருகுவதே சிறந்தது என்று 2015ஆம் ஆண்டில் கூடிய அனைத்துலக வல்லுநர் குழு அறிவுறுத்தியது. சிறுநீர் இளமஞ்சள் நிறமாயிருப்பின் உடலில் நீர் போதுமானது எனக் கொள்ளலாம். உப்பிட்ட நீர்மோர் நல்லதே. எனினும் அதற்கும் அளவுண்டு. நேர்த்திக்கடன் நிறைவேறியதும் உணவருந்துவது உடலுக்கு உப்பை மீட்டுத் தரும்.

இதய நோய், சிறுநீரக நோய் உடையோரும் இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்ளும் முதியோரும் தத்தம் மருத்துவர் விதித்த அளவை மீறலாகாது. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ குழந்தைக்குரிய பாலோ அன்றித் தனித் தண்ணீர் புகட்டுதல் கூடாது.

தொண்டூழியர்கள் செய்யத்தக்கவை

பக்தர் ஒருவர் தள்ளாடினால் உடனே தண்ணீரைப் புகட்ட முனைவது நம்மவர் இயல்பு. முதலில் அவரை நிழலில் அமர்த்தி, இதுவரை எவ்வளவு நீர் பருகினார் என வினவுதல் வேண்டும். வயிறு உப்புதல், வாந்தி, கடுந்தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகுதல் ஆகியவை இருப்பின் மேலும் நீர் தருவதை நிறுத்தி, மருத்துவ உதவியாளரை அழைக்க வேண்டும். உடல் அனலாய்க் கொதித்தால் வெப்பத்தாக்காக இருக்கலாம். நீர் தெளித்து விசிறி உடனே குளிர்விக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, நினைவிழந்தாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 995 எண்ணை அழைப்பதே கடமை. அருள் வந்திருக்கிறது என்றெண்ணிக் காலந்தாழ்த்துவது ஆபத்தில் முடியலாம்.

பந்தலில் எத்தனை குவளை நீர் வழங்கப்பட்டது என்பதைவிட, எத்தனை பேர் நலமுடன் முருகப்பெருமானின் சந்நிதியை அடைந்தனர் என்பதே அறத்தின் அளவுகோல். கேட்போர்க்கு இல்லையென்னாது வழங்குவோம், வேண்டாமென்போரை வற்புறுத்தாதிருப்போம்.